மைதானம் எங்கே இருக்க வேண்டும்?

கால்பந்துக் கழகம் ஒன்று தன் பழைய மைதானத்தை விட்டுப் புதிய மைதானத்திற்குக் குடியேறலாமா என்ற கேள்வியை விளையாட்டுப் பிரியர்களின் விவகாரம் என்று சிலர் தள்ளிவிடக்கூடும். நாம் அப்படித் தள்ளிவிட மாட்டோம். ஒரு நகரம் தன் ஜனங்களில் யாரை நினைவில் வைத்திருக்கிறது, யாரை மறந்துவிட்டது என்பதை இத்தகைய கேள்விகளே வெளிப்படுத்துகின்றன. சென்னையின் தென்கோடியில், செம்மஞ்சேரியில், உலகத் தரமுள்ள விளையாட்டு நகரம் ஒன்றை நிர்மாணிக்கும் யோசனையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டிருக்கிறது. அது கைகூடும் நாளில், பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் நடைபெறும் கால்பந்தாட்டமும் அங்கே போய்ச் சேரட்டும் என்ற பேச்சு எழாமலிராது. பேச்சு எழுந்து, முடிவும் ஆனபின் அழுது பயனில்லை. ஆகையால் நமது அபிப்பிராயத்தை இப்பொழுதே சொல்லிவிடுகிறோம்: கழகம் தெற்கே போகலாகாது. புதிய மைதானம் வேண்டுமானால், அது வடக்கே வரட்டும்.

எதிர்க்கட்சியார் வாதத்தை முதலில் கேட்போம். இன்றைய நேரு ஸ்டேடியம் 1993-ல் எழுந்தது. கால்பந்துக்கென்றே கட்டப்பட்டதன்று. ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயப் பாதை வளைந்து கிடக்கிறது. பார்ப்பவனுக்கும் ஆடுகிறவனுக்கும் நடுவே ஓர் அகழி போல அது நிற்கிறது. கட்டடம் சர்க்காருக்குச் சொந்தம். கழகம் அங்கே வாடகைக் குடி. தன் சொந்த மைதானத்தில், கோட்டுக்கு அருகிலேயே ஜனங்கள் உட்கார்ந்து ஆர்ப்பரிக்க, ஆட்டம் நடத்த வேண்டுமென்று ஒரு கழகம் ஆசைப்படுவதில் குற்றமில்லை. இந்த வாதங்களில் உண்மை இருக்கிறது. அதை மறைத்து வழக்காடுவது நமது முறையன்று.

ஆயினும், மைதானத்தின் சௌகரியத்தை அளக்கும்போது ஆசனத்தையும் புல்லையும் மட்டும் அளந்தால் போதுமா? அங்கே வந்து சேரும் வழியையும் அளக்க வேண்டாமா? பெரியமேட்டின் பெருமை அதன் கட்டடத்தில் இல்லை. அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. காத்திவாக்கத்தில் ஆலை வேலை முடிந்து வெளிவரும் ஒரு தொழிலாளி, கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறினால், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பாலம் கடந்து மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஸ்டேடியத்திற்கு நடந்தே போகலாம். இந்தப் பயணம் சுமார் 15 கிலோமீட்டர். செம்மஞ்சேரியோ அவனுக்கு ஏறக்குறைய இதன் மூன்று மடங்கு தூரம். நகரத்தின் வட எல்லையிலிருந்து தென் எல்லை வரையில் அவன் போக வேண்டும்; இரவு ஆட்டம் முடிந்தபின் அத்தனை தூரமும் திரும்ப வேண்டும்; மறுநாள் விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதும்போது வாசலில் நிற்கவும் வேண்டும். மோட்டார் வண்டி உடையவனுக்கு இது ஒரு விஷயமே அன்று. ரயில் சீட்டை நம்பி வாழ்கிறவனுக்கோ, கழகம் தெற்கே போவதும் அவன் கால்பந்தை விட்டுவிடுவதும் ஒன்றே.

அவன் யார்? சென்னையில் கால்பந்தை வளர்த்தவனே அவன்தான். இராயபுரம் முதல் எண்ணூர் வரையில், துறைமுகத்தையும் ரயில் பட்டறைகளையும் ஆலைகளையும் ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில், செலவில்லாமல் ஆடக்கூடிய ஆட்டமாகக் கால்பந்து வேரூன்றியது. மட்டை வேண்டாம், கவசம் வேண்டாம். ஒரு பந்தும் ஒரு வெற்று நிலமும் போதும். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை அணி சென்னை லீக் ஆட்டங்களில் பெயர் பெற்ற அணி. வியாசர்பாடியின் குறுகிய சந்துகளிலிருந்து தேசிய அளவில் ஆடும் வீரர்கள் புறப்பட்டிருக்கிறார்கள். 2017-18-ல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடிய தனபால் கணேஷ் அந்த வியாசர்பாடியின் பிள்ளையே. வீரனை வடக்கிலிருந்து எடுத்துக்கொண்டு, ஆட்டத்தை மட்டும் தெற்கே கொண்டுபோய் வைப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

ஊர் மாறிய கழகத்தின் கதையை நாம் தேடி அலைய வேண்டியதில்லை; நமது கண்ணெதிரிலேயே அது நடந்திருக்கிறது. 1946-ல் நேதாஜியின் பெயரைத் தாங்கிப் பிறந்த கழகம் ஒன்று, பிற்காலத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. என்ற பெயருடன் ஐ-லீக்கில் நுழைந்தது. 2016-17-ல் அது நேரு ஸ்டேடியத்தில் ஆடிற்று. அடுத்த பருவத்தில் ஐ-லீக்கும் சூப்பர் லீக்கும் ஒரே காலத்தில் நடைபெறலாயின, சென்னையின் எஃப்.சி. நேரு ஸ்டேடியத்தில் நிலைத்தது; சென்னைப் பெயர் தாங்கிய மற்றக் கழகம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. கோவை ஜனங்கள் அதை அன்போடு வரவேற்றார்கள். 2019 மார்ச் 9-ந் தேதி மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே புள்ளியில் முந்தி, அது ஐ-லீக் கோப்பையைக் கைப்பற்றியது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை. ஆனால் 2020-21-க்குப் பின் தேசிய லீக் பட்டியலில் அதன் பெயர் இல்லை. ஊர் மாறியதனால்தான் அது மறைந்தது என்று நாம் சொல்லவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். நாம் கேட்பது வேறு. அது மறைந்தபோது, "எங்கள் கழகத்தை விடமாட்டோம்" என்று வீதிக்கு வந்து நிற்கச் சென்னையில் அதற்கு ஓர் ஊர் இருந்ததா? பெயர் ஓரிடத்திலும் ஆட்டம் ஓரிடத்திலுமாக வாழ்ந்த கழகத்திற்கு, ஆபத்துக் காலத்தில் தோள் கொடுக்க ஆள் இல்லாமற் போவது வியப்பன்று.

இங்கிலாந்திலும் இப்பாடத்தைப் படித்திருக்கிறார்கள். லண்டன் விம்பிள்டன் கழகம் மில்டன் கீன்ஸ் என்னும் தூரத்து ஊருக்குக் குடிபெயர 2002-ல் அனுமதி கிடைத்தது. 2003-ல் அது போயிற்று. கைவிடப்பட்ட ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2002-லேயே தங்களுக்கென்று புதுக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். கீழ்ப்படியிலிருந்து ஏறிவந்து, 2020-ல் தங்கள் பழைய வட்டாரத்திலேயே மைதானம் கட்டிக்கொண்டார்கள். மாறாக, லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கழகத்தைப் பாருங்கள். 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கை விட்டு 2025-ல் அது புது மைதானத்திற்கு மாறியது. எங்கே? அதே நகரத்தின் வடபகுதியில், சில கிலோமீட்டர் தொலைவில், பழைய கப்பல் துறை ஒன்றில்! பழைய மைதானத்தையும் இடித்துத் தள்ளாமல் பெண்கள் அணிக்கு அளித்தார்கள். துறைமுகத் தொழிலாளரின் கழகம் துறைமுகத்திற்கே போயிற்று. மாறுவது பாவமில்லை, மறப்பதுதான் பாவம்.

நம் தேசத்திலேயே மோகன் பகானை எடுத்துக்கொள்வோம். 1911 ஜூலை 29-ந் தேதி ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்து வெள்ளையரை 2-1 என்று வீழ்த்தி, அக்கழகம் ஒரு தேசத்தையே தலை நிமிரச் செய்தது. இன்று அதன் பெரிய ஆட்டங்கள் 1984-ல் திறக்கப்பட்ட சால்ட் லேக் ஸ்டேடியத்தில் நடைபெறுகின்றன. ஆயினும் கல்கத்தா மைதானத்திலுள்ள தன் கூடாரத்தை அக்கழகம் விடவில்லை.

"கழகத்தில் பணம் போட்டவன் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்; அது அவன் உரிமை" என்று சிலர் சொல்லலாம். சட்டத்தின் எழுத்து அப்படி இருக்கலாம். ஆனால் கோயில் தர்மகர்த்தா சாவியைக் கையில் வைத்திருப்பதனால், மூர்த்தியை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட முடியுமா? ஒரு நகரத்தின் பெயரைத் தன் பெயராகச் சூடிக்கொண்ட கழகத்தின் உரிமையாளரும் தர்மகர்த்தாவே. ஜெர்மனியில் கழகங்களின் வாக்குரிமையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அங்கத்தினரிடமே இருக்க வேண்டுமென்பது பொது விதி. நம் நாட்டில் அவ்விதி இல்லை. ஆயினும் அதன் தர்மம் நமக்குப் புரியாததன்று.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. "வடக்கே புகையும் நாற்றமும், அங்கே யார் ஆடுவார்கள்?" என்கிறார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதம் 26-ந் தேதி இரவு அமோனியா வாயு கசிந்து, மூச்சுத் திணறியவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். இவையெல்லாம் உண்மையே. ஆனால், 90 நிமிஷம் ஆடவரும் வீரனுக்கு ஆகாத காற்று, ஆயுள் முழுவதும் அதைச் சுவாசிக்கும் குழந்தைக்கு எப்படி ஆகும்? வடக்கே மைதானம் கட்ட முடியாதென்றால், அது வடக்கின் குற்றமன்று. வடக்கை அந்நிலைக்குக் கொண்டுவந்தவர்களின் குற்றம். நல்ல மைதானம் ஒன்று அங்கே எழுமானால், காற்றைச் சுத்தி செய்ய வேண்டும் என்ற கூக்குரலுக்கு நகரம் முழுவதும் செவி சாய்க்கும். நமக்கு இது கூடுதல் லாபமே.

காத்திவாக்கம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. நகரத்தின் வரியில் பங்குண்டு என்றால், நகரத்தின் கேளிக்கையிலும் பங்கு வேண்டாமா? ஆகவே நாம் கேட்பது இவை: ஜனங்களின் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகக் கேட்காமல் எந்தக் கழகமும் பெரியமேட்டை விட்டுப் போகலாகாது. கால்பந்துக்கென்றே ஒரு மைதானம் கட்டுவதாயின், ஆடம்பரமின்றி, ரயில் பாதைக்கு அருகில், வட சென்னையில் கட்ட வேண்டும். அது வரும்வரை, காத்திவாக்கம், திருவொற்றியூர், இராயபுரம், வியாசர்பாடிப் பிள்ளைகள் ஆடும் நிலங்களுக்கு விளக்கும் தண்ணீரும் தந்து, அவற்றை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க வேண்டும்.

வட சென்னையின் தொழிற்சங்கத்தாரும் வாலிபர் சங்கத்தாரும் இதைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொண்டு, கூட்டம் கூட்டி, தீர்மானம் நிறைவேற்றி, மாநகராட்சிக்கும் சர்க்காருக்கும் அனுப்புவார்களாக. வரைபடத்தில் கோடு விழுந்தபின் கூவுவதைவிட, விழுமுன் வாயைத் திறப்பதே விவேகம்.