காந்தத்தின் எடையில் பாஸ் இல்லை

வீட்டிலேயே ஸ்பீக்கர் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒருவர் எழுதியிருக்கும் ஆலோசனை இவ்வளவுதான்: வூஃபரைக் கையில் தூக்கிப் பாருங்கள், காந்தம் கனமாக இருந்தால் வாங்குங்கள். வாட்ஸ் கூடக் கூட நல்லது. பெட்டி எந்த அளவாக இருந்தாலும் முன்பலகையில் ஒரு ஓட்டை போட்டுக் காதால் கேட்டு ட்யூன் செய்துகொள்ளுங்கள். எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று அளந்துகொண்டிருப்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய். இந்த ஆலோசனையில் ஒன்றுகூடத் தேறாது. இதை நம்பிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பணத்தைக் கொட்டப்போகிறவர்கள் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தவர்கள். அதனால்தான் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் காந்தம். கூம்பும் அதைத் தாங்கும் சரவுண்டும் ஸ்பைடரும் சேர்ந்து தானாக ஆட விரும்பும் அதிர்வெண்தான் எஃப்.எஸ். அந்த ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதைச் சொல்வது க்யூ.டி.எஸ். காந்தத்தின் வலு கூடினால் இந்த எண் இறங்கும், கூம்பின் ஆட்டம் இறுகும். கூம்பைத் தாங்கும் பாகங்களின் நெகிழ்வுக்கு ஈடான நெகிழ்வுள்ள காற்றின் கொள்ளளவு வி.ஏ.எஸ். ஒரு எட்டு அங்குல வூஃபரை எடுத்துக்கொள்வோம்: எஃப்.எஸ். 35 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ். 60 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.40. இதை 20 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்தால் ஒத்ததிர்வு 70 ஹெர்ட்ஸுக்கு ஏறும், மொத்த க்யூ 0.80 ஆகும். கேட்க நன்றாகவே இருக்கும். இப்போது அவர் சொல்கிறபடி இன்னும் வலுவான காந்தத்தை மாட்டி, க்யூ.டி.எஸ்.ஸை 0.25க்கு இறக்குவோம். அதே பெட்டியில் மொத்த க்யூ 0.50 ஆகிவிடும். நடு அலைவரிசையில் ஒலி சுமார் 2 டெசிபெல் உயரும், 70 ஹெர்ட்ஸிலோ சுமார் 2 டெசிபெல் இறங்கும். பாடுகிறவர் குரல் முன்னால் வர, தவிலின் அடி பின்னால் போய்விடும். கூடுதல் காசு கொடுத்து, கூடுதல் கனத்தைத் தூக்கிவந்து, பாஸைக் குறைத்துக்கொள்ளும் வழி இது. வலுவான காந்தத்துக்கு நல்ல பயன் உண்டு, சரியாக ட்யூன் செய்த போர்ட் பெட்டியில். ஆனால் 'எந்தப் பெட்டியும் சரி' என்று சொல்லிவிட்டவர் அந்தப் பயனையும் சேர்த்துக் கெடுத்துவிட்டார்.

வாட்ஸ் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வூஃபரின் மேல் அச்சடித்த வாட்ஸ், காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு சத்தம் வரும் என்பதை அல்ல. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல் தரும் வூஃபர் 40 வாட்டில் செய்வதை, 86 டெசிபெல் வூஃபர் செய்ய 100 வாட் வேண்டும். கடையில் கேட்க வேண்டியது இந்த டெசிபெல் எண்ணை.

வீட்டுப் பெட்டியில் கார் சப்வூஃபரை மாட்டலாம் என்று அவர் கொண்டாடும் யோசனை இன்னும் மோசமானது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் தாழ்ந்த அதிர்வெண்கள் தாமாகவே ஏறிக்கொள்ளும், ஏனென்றால் அந்த அலையின் நீளத்துக்கு முன்னால் காரின் உட்பகுதி மிகச் சிறியது. அதை நம்பித்தான் அந்த வூஃபர்களை வடிவமைக்கிறார்கள். ஜன்னலும் கதவும் திறந்து கிடக்கும் நம் கூடத்தில் அந்த உதவி கிடையாது. கூம்பு கனமானது, டுவீட்டர் பிடித்துக்கொள்ளும் 2,000 ஹெர்ட்ஸ் வரை அதால் ஏற முடியாது. காயில் பெரும்பாலும் 4 ஓம், சிலது 2 ஓம். 8 ஓமுக்குச் செய்த ஆம்ப் திணறிச் சூடாகும். இத்தனையும் தெரியாமல் அந்த யோசனையைச் சொன்னாரா, தெரிந்தே மறைத்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுமே மன்னிக்கக்கூடியதல்ல.

இனி ஓட்டைக்கு வருவோம். அதிகம் பேரின் வூஃபரைக் கொல்லப்போவது இதுதான். போர்ட் என்பது காற்று வெளியேறும் வழி அல்ல. பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங், குழாய்க்குள் இருக்கும் காற்று அதில் ஆடும் எடை. இரண்டும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிரும். அந்த அதிர்வெண்ணில் ஒலியைக் குழாய் ஏற்றுக்கொள்ள, கூம்பு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அந்த எட்டு அங்குல வூஃபரையே 40 லிட்டர் பெட்டியில் வைத்து 36 ஹெர்ட்ஸில் ட்யூன் செய்ய வேண்டும் என்றால், 7.5 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் சுமார் 20 செ.மீ. நீளம் வேண்டும். அவர் சொல்வதுபோல் 18 மி.மீ. பலகையில் அதே விட்டத்துக்கு வெறும் ஓட்டை போட்டால்? ட்யூனிங் 65 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் விளைவு இரண்டு. அந்த இடத்தில் ஒலி புடைத்துக்கொண்டு, எந்த ராகத்தில் எந்தப் பாட்டு போட்டாலும் பாஸ் கிட்டார் ஒரே சுரத்தில் உறுமும். அதைக் கேட்டுத்தான் பலர் 'பாஸ் அதிகம்' என்று மகிழ்கிறார்கள். இரண்டாவது விளைவு காதுக்கு உடனே தெரியாது. ட்யூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே பெட்டியின் காற்று கூம்பைத் தாங்காது. 40 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று வந்தால், கூம்பு கட்டவிழ்ந்து முன்னும் பின்னும் பாயும். காயில் பின்தட்டில் மோதும், ஒருநாள் சுருள் உரசி அறுந்துபோகும். அப்போது அவர் 'வாட்ஸ் பத்தவில்லை, இன்னும் பெரிதாக வாங்குங்கள்' என்று சொல்லக்கூடும். அவருடைய கணக்கில் வேறு பதில் இல்லை.

குழாய்ப் பெட்டிக்கு பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் ஓட்டையை வெட்டி, கேட்டு, அடைத்து, மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோருக்கு வேறு வழி தெரியாது. 1961ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தியேல் அந்தக் குழப்பத்தைக் கணக்காக்கினார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். பெரிய கம்பெனியின் ரகசியமாக இருந்திருக்க வேண்டியது, பள்ளிக் கணக்கு தெரிந்த எவனும் தன் வீட்டு மேசையில் போட்டுப் பார்க்கக்கூடியதாயிற்று. ஏழைக்குக் கிடைத்த அந்தக் கருவியைத்தான் இவர் ஏட்டுச் சுரைக்காய் என்கிறார்.

'இசை கேட்பது காது, மீட்டர் அல்ல' என்பது அவருடைய பிரதான வாதம். சரி, அந்தக் காது எங்கே உட்கார்ந்திருக்கிறது? பன்னிரண்டு அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒரு நிலையலை எழும். அறையின் நீளத்துக்கு நட்டநடுவில் நாற்காலி போட்டால் அந்தச் சுரம் காணாமல்போகும், முதுகைச் சுவரில் சாய்த்தால் பெருத்துவிடும். பத்தடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸில் இன்னொன்று. இப்படிப்பட்ட அறையில் குழாயை ஒரு செ.மீ. வெட்டி, இரண்டு செ.மீ. வெட்டிக் காதால் ட்யூன் செய்கிறவர் பெட்டியை ட்யூன் செய்யவில்லை. தன் நாற்காலி இருந்த இடத்துக்குப் பெட்டியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். ஒலியளவும் ஏமாற்றும். மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த சுரங்கள் காதுக்குக் குறைவாகவே எட்டும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டினார்கள். இரவில் மெதுவாக வைத்துச் சரிசெய்த பெட்டி, பொங்கலன்று சத்தமாக வைத்தால் உறுமும்.

காதுக்குப் பதிலாக வூஃபரின் மின்மறிப்பை (இம்பீடன்ஸ்) அளந்தால் அறையின் தொல்லையே இல்லை. இதற்கு லேப் வேண்டாம். போனில் சைன் அலை தரும் ஆப், ஒரு ஆம்ப், வூஃபருக்குத் தொடராக 1,000 ஓம் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர். மலிவான மஞ்சள் மீட்டர் ஆகாது, அதில் ஏசி பக்கம் 200 வோல்ட்டில்தான் தொடங்கும். 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ளது வேண்டும். வூஃபரைப் பெட்டியில்லாமல் பிடித்து, அதன் முனைகளில் வோல்ட்டேஜைப் பார்த்தபடி அதிர்வெண்ணை 20லிருந்து ஏற்றிக்கொண்டே போங்கள். வோல்ட்டேஜ் உச்சம் தொடும் இடம் எஃப்.எஸ். போர்ட் பெட்டியில் மாட்டிய பிறகு அளந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு மேடுகள் தெரியும். நடுவே உள்ள பள்ளத்தின் அடிதான் பெட்டியின் ட்யூனிங். பள்ளம் 42ல் இருந்தால் குழாய் நீள வேண்டும், 30ல் இருந்தால் வெட்ட வேண்டும். குழாயை முதலில் கொஞ்சம் நீளமாகவே விட்டு, சிறுகச் சிறுக அறுத்து வாருங்கள். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. காதுக்கும் இதன் பிறகு வேலை உண்டு: ஸ்பீக்கரை எங்கே நிறுத்துவது, உள்ளே பஞ்சு எவ்வளவு, கிராஸ்ஓவர் எங்கே. அவற்றைக் காதால் தீர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று உண்மை. விற்பனைக்கு வரும் வூஃபர் பலவற்றுக்கு அளவுத்தாளே கிடையாது, இருக்கிற தாளையும் முழுக்க நம்ப முடியாது, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு வூஃபர்களே ஒத்துப்போவதில்லை. சரி. அதனால் நாமே அளக்க வேண்டும் என்பதல்லவா முடிவு? அளக்கவே வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் எந்த வழியாக வந்து சேர்ந்தார்?

தான் கட்டிய பெட்டியில் 'தரை அதிர்கிறது' என்று அவர் பெருமைப்படுகிறார். அந்தப் பெட்டியின் உள்ளளவு எத்தனை லிட்டர், குழாயின் விட்டமும் நீளமும் என்ன, அந்த இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் எத்தனை ஹெர்ட்ஸில் விழுகிறது என்பதை அவர் அளந்து எழுதட்டும். அதன் பிறகு மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லட்டும்.