ஆறு பேர், நூறு சதவீதம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டிக்ஸ்வில் நாட்ச் சிற்றூரில் 1960 முதல் அதிபர் தேர்தல் வாக்குப்பதிவு நள்ளிரவிலேயே தொடங்கிவிடுகிறது. பதிவுபெற்ற அனைவரும் வாக்களித்ததும் சாவடியை மூடிவிடலாம். 1960இல் 9 வாக்கும் நிக்சனுக்கு. 2020இல் 5 வாக்கும் பைடனுக்கு. 2024இல் இருந்த 6 வாக்காளர்களில் 4 பேர் குடியரசுக் கட்சிப் பதிவினர், 2 பேர் கட்சி சொல்லாதவர்கள். முடிவோ ஹாரிஸ் 3, டிரம்ப் 3! பதிவேட்டை வைத்து மனதை அளக்க முடியாது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது, ஒருவர்கூட விடுபடாத அந்த வாக்குப்பதிவுதான். அதே தேர்தலில் நாடு முழுவதும் தகுதியுள்ளோரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் வாக்களிக்கவில்லை. தேர்தல் நடப்பதோ செவ்வாய்க்கிழமை, வேலைநாள், பல ஊர்களில் நீண்ட வரிசை. அதனால் தேர்தல் நாளை அமெரிக்கா தேசிய விடுமுறையாக அறிவிக்க வேண்டும்.