தள்ளி இருந்தால் ஒட்டும்

ஒரு அறையில் வயதான சீனர் ஒருவர் தாய்-சீ பயிற்சி செய்கிறார். அடுத்த அறையில் அவருடைய அமெரிக்க மருமகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நாவல் எழுதத் திணறுகிறாள். அவருக்கு ஆங்கிலம் வராது. அவளுக்குச் சீன மொழி தெரியாது. மாமனார் உலோகத் தாள் சுற்றிய பாத்திரத்தை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்க, பொறி பறக்கிறது. வசனமே இல்லாமல் ஒரு குடும்பத்தின் சிக்கலை முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுகிறார் இயக்குநர் ஆங் லீ.

தைவானில் பிறந்த லீயின் முதல் முழுநீளப் படம் 'புஷ்ஷிங் ஹேண்ட்ஸ்' (1991). நியூயார்க்கில் சினிமா படித்து முடித்தபின் ஆறு ஆண்டுகள் வாய்ப்பில்லாமல் வீட்டில் சமையலையும் குழந்தையையும் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். குடும்பம் மனைவியின் சம்பளத்தில் ஓடியது. 1990இல் தைவான் அரசு நடத்திய திரைக்கதைப் போட்டியில் இந்தக் கதைக்கு முதல் பரிசு. இரண்டாம் பரிசும் அவருக்குத்தான். அந்தக் கதை 1993இல் 'த வெட்டிங் பாங்க்வெட்' படமானது.

பெய்ஜிங்கிலிருந்து மகன் அலெக்ஸின் வீட்டுக்கு வந்த சூ, தாய்-சீ ஆசான். கலாசாரப் புரட்சியின்போது மனைவியைக் காப்பாற்ற முடியாமல் மகனை மட்டும் காப்பாற்றியவர். அந்த மகனோ அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறான். உலாவப்போன கிழவர் வழி தவறிவிட, ஆத்திரத்தில் சமையலறையை அடித்து நொறுக்குகிறான். பிறகு பிள்ளைகள் சேர்ந்து ஒரு யோசனை செய்கிறார்கள்: சமையல் கற்றுத்தரும் விதவை திருமதி சென்னையும் சூவையும் ஜோடி சேர்த்துவிட்டால் இரண்டு வீட்டுப் பாரமும் குறையும். இது தெரிந்ததும் பெரியவர் சீட்டு எழுதி வைத்துவிட்டு வெளியேறுகிறார். சைனாடவுன் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார்.

முதலாளி போகச் சொல்லும்போது அவர் நகர மறுக்கிறார். ஆட்கள், ரவுடிகள், போலீஸ் என்று யார் தள்ளியும் அசையவில்லை. பார்க்கச் சிரிப்பு வரும் காட்சி. ஆனால் ஒரு மனிதருக்கு மிச்சமிருக்கும் ஒரே கௌரவம் அந்த இரண்டடி இடம்தான் என்பது புரியும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது.

இந்தியக் குடும்பப் படமாக இருந்தால் மகன் அழுததும் அப்பா வீடு திரும்பியிருப்பார். இங்கேயும் மகன் சிறையில் வந்து அழுகிறான். படித்தது, உழைத்தது, வீடு கட்டியது எல்லாம் அப்பாவை உடன் வைத்துக்கொள்ளத்தானே என்கிறான். அப்பா கோபிக்கவில்லை, திரும்பவும் இல்லை. சைனாடவுனில் சின்ன அறை போதும், பேரனோடு அவ்வப்போது வந்து பார் என்கிறார்.

தாய்-சீயில் இருவர் கைகோத்துச் செய்யும் பயிற்சியின் பெயர்தான் படத்தின் தலைப்பு. எதிராளியின் கையை விடக்கூடாது. அவன் பலத்தை முரட்டுத்தனமாக எதிர்க்கவும் கூடாது. விட்டுக்கொடுத்தே நிலை குலையாமல் நிற்க வேண்டும். மகனின் புது வீட்டில் அப்பாவுக்கு ஒரு அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் அவர் குடியிருக்கப்போவதில்லை, வந்துபோவார். மருமகளும் இப்போதுதான் அந்தக் கலையைக் கணவனிடம் கற்க ஆரம்பிக்கிறாள்.

இந்தச் சமரசத்துக்கு விலை உண்டு என்பதை லீ மறைக்கவில்லை. சூவாக நடித்த ஸிஹுங் லுங்கின் முகத்திலேயே அது தெரிகிறது. லீயின் அடுத்த இரு படங்களிலும் அவரே அப்பா. வெளிநாட்டுப் பிள்ளைகள் டிக்கெட் அனுப்பக் காத்திருக்கும் பெற்றோரும், அனுப்பும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். பார்த்து முடித்ததும் ஒருவரையொருவர் குற்றம் சொல்வது கொஞ்சம் கஷ்டமாகிவிடும்.