பதினெட்டு வயசுக்கு ஒரு ரயில் பாஸ்



ஐரோப்பிய யூனியன் நாடுகளில் பதினெட்டு வயது ஆன பிள்ளைகளுக்கு இலவச ரயில் பாஸ் தருகிறார்கள். 2018-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பெயர் 'டிஸ்கவர் ஈயூ'. விண்ணப்பம் போட்டு, ஒரு சின்ன வினாடி வினாவிலும் தேற வேண்டும். தேறினால் முப்பது நாள் வரை நாடு நாடாகப் போகலாம். நண்பர்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகவும் போடலாம்.

"ஊர் சுத்துறதுக்கு சர்க்கார் பணமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஊர் சுற்றுவதும் படிப்புதான், அதுவும் உயிர் நண்பனோடு ரயிலில் சுற்றுவது முதல் தரமான படிப்பு என்பது என் கட்சி. நான் ஐரோப்பா போனவன் இல்லை. படித்ததையும் மேப்பையும் வைத்துத்தான் வாதாடுகிறேன்.

முதலில் நம்ம பாடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ரயில்கள் 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ் ஏ.சி.யில் ஓடுகின்றன. அதென்ன 16.7? அந்தக் காலத்து கம்யூட்டேட்டர் மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸில் பிரஷ் பக்கம் தீப்பொறி கக்கின. அதனால் அலைவெண்ணை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். நூறு வருஷம் தாண்டியும் அதுவே நிலைத்துவிட்டது. இத்தாலியில் பெரும்பாலும் 3,000 வோல்ட் டி.சி. நெதர்லாந்தில் 1,500 வோல்ட் டி.சி. பிரான்சின் அதிவேகப் பாதைகளில் நம்ம ஊர் மாதிரியே 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தண்டவாளமும் எல்லா இடத்திலும் ஒரே அகலம் கிடையாது. பெரும்பாலான நாடுகளில் 1,435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதைகள் 1,668. நம்முடைய அகலப் பாதை 1,676. ஸ்பெயினுக்கும் நமக்கும் எட்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!

இத்தனை வேறுபாட்டையும் வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுகிறார்கள்? பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், கொலோன், ஆம்ஸ்டர்டாம் நகரங்களை இணைக்க நான்கு வகை மின்சாரத்திலும் ஓடும் ரயிலைச் செய்தார்கள். நகர்ந்துகொண்டே சக்கர இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ரயிலை ஸ்பெயின்காரர்கள் 1969-லேயே எல்லை தாண்டி ஓட்டினார்கள். உன் வோல்டேஜை மாற்று, என் அகலத்துக்கு வா என்று சண்டை போட்டுக்கொண்டே இருந்திருந்தால் எந்த ரயிலும் எல்லையைத் தாண்டியிருக்காது.

சண்டை என்றதும் ஸ்ட்ராஸ்பர்க் நகரம் ஞாபகம் வருகிறது. 1871-ல் ஜெர்மனியிடம் போனது. 1918-ல் பிரான்சிடம் திரும்பியது. 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1944-ல் மறுபடி பிரான்ஸ். 1870-ல் அங்கே பிறந்த ஒருவர் வீட்டை விட்டு நகராமலேயே நாலு தடவை நாடு மாறியிருப்பார். இப்போது 2017 முதல் அந்த ஊரிலிருந்து ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் நகரத்துக்கு டிராம் ஓடுகிறது. யாருடைய தாத்தாக்கள் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்களோ, அந்தப் பிள்ளைகள் இன்று ஒரே டிராமில் போகிறார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இது மனசில் இறங்குமா? விமானத்தில் போனால் இரண்டு ஊர்தான் தெரியும். ரயிலில் போனால்தான் இரண்டுக்கும் நடுவில் இருப்பது தெரியும்.

சரி, நண்பன் எதற்கு? தனியாகப் போனால் நம் இஷ்டம். டூர் கம்பெனியோடு போனால் அவர்கள் இஷ்டம். இரண்டு பேர் போனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் ஒரே ஸ்டேஷனுக்கு பிரெஞ்சில் ஒரு பெயர், டச்சில் ஒரு பெயர். ஒருத்தன் ஒரு போர்டைப் பார்த்து "இதுதான்டா" என்பான், இன்னொருத்தன் "இல்லடா" என்பான். ரெண்டுமே சரி! தன் பக்கம் நியாயம் இருந்தும் விட்டுக்கொடுப்பதை எந்த வகுப்பறை சொல்லித்தருகிறது?

இந்தத் திட்டம் பிறந்ததே நட்பில்தான். மார்ட்டின் ஸ்பியர், வின்சென்ட் இம்மானுவேல் ஹெர் என்ற இரண்டு ஜெர்மன் நண்பர்கள் ரயில் பாஸில் ஐரோப்பாவைச் சுற்றி வந்தவர்கள். பதினெட்டு வயதாகும் எல்லோருக்கும் பாஸ் தர வேண்டும் என்ற கோரிக்கையை 2014-ல் எழுப்பினார்கள். நான்கே வருஷத்தில் ஓரளவு நிறைவேறியது.

ஓரளவு என்று ஏன் சொல்கிறேன்? கேட்ட எல்லோருக்கும் பாஸ் கிடைப்பதில்லை. இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அந்தப் பாஸ் பயணத்துக்கு மட்டும்தான். ராத்திரி தங்குவதும் மூணு வேளைச் சாப்பாடும் அவரவர் செலவு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு விஷயமே இல்லை. கூலி வேலை செய்கிறவர் பிள்ளையோ கையில் பாஸ் இருந்தும் யோசிப்பான். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எங்களுக்குப் பயணம் என்றால் கல்யாணம், சாவு, குலதெய்வம் கோயில். அதனால் அந்த யோசனை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஃபீஸ் இலவசமானாலும் பஸ் காசுக்கும் மெஸ் பில்லுக்கும் வழியில்லாமல் படிப்பை நிறுத்தியவர்களை நாமே பார்த்திருக்கிறோம். பாதி உதவி பாதிப் பேரைத்தான் கரை சேர்க்கும்.

ஆகவே பாஸ் கொடுப்பது சரி. அதோடு படுக்கையும் சாப்பாடும் சேர்த்துக் கொடுப்பதுதான் முழுச் சரி. அதையும் யாருக்கு முதலில் கொடுப்பது என்று என்னைக் கேட்டால், எந்த வீட்டிலிருந்து இதுவரை ஒருத்தரும் எல்லை தாண்டியதில்லையோ அந்த வீட்டுப் பிள்ளைக்கு முதல் பாஸ், அவனோட நண்பனுக்கு இரண்டாவது பாஸ் என்பேன். நீங்க என்ன சொல்றீங்க, நண்பர்களே?