பவரை ஏற்றுவது கண்ணாடி அல்ல

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சோதிக்கச் சுகாதாரக் குழு பள்ளிக்கு வருகிறது. பலகையிலிருந்து தள்ளி நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, தெரிவதைக் கேட்கிறார்கள். தடுமாறும் பிள்ளையின் கையில் ஒரு கடிதம் வீட்டுக்குப் போகிறது. புஞ்சாக் ஆலாம் தாமான்களிலும், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களிலும் பல வீடுகளில் அந்தக் கடிதத்துக்குக் கிடைக்கும் பதில் இதுதான்: “இந்த வயசிலேயே கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும். வளர்ந்தா தானா சரியாயிடும்.”

இது தவறு. பிள்ளையின் படிப்பைக் கெடுக்கும் தவறு. சில பிள்ளைகளிடம் ஒரு கண்ணையே காவு வாங்கும் தவறு.

இதை மறுக்க மேல்நாட்டு ஆய்வைத் தேடிப் போக வேண்டியதில்லை. மலேசியாவிலேயே கிட்டப்பார்வை உள்ள 94 பிள்ளைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு முழுப் பவர். மற்றதற்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்த கண்ணாடி. ஊரார் சொல்வது சரியென்றால் குறைந்த பவர் போட்டவர்களின் கண்தான் பிழைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 2002இல் வெளியான முடிவின்படி, ஈராண்டில் முழுப் பவர் போட்டவர்களுக்கு ஏறியது 0.77; குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே வேறுபாட்டைக் காட்டிவிடவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் கிட்டப்பார்வைக்கு முழுப் பவரையே கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவப் பரிந்துரை.

பக்கத்து மாவட்டமான கோம்பாக்கின் கணக்கு இன்னும் உறைக்கும். அங்கே 7 முதல் 15 வயது வரையிலான 4,634 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது, இரண்டில் நல்ல கண்ணிலேயே பார்வை குறைந்திருந்தவர்கள் 17.1 விழுக்காடு. அவரவர் போட்டு வந்த கண்ணாடியோடு பார்த்தபோது 10.1. சரியான பவரைக் கொடுத்துப் பார்த்தபோது வெறும் 1.4. 10.1க்கும் 1.4க்கும் இடையில் நிற்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் தீராத நோய் எதுவும் இல்லை. மூக்கின்மேல் சரியான கண்ணாடி இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பவர் ஏன் வருடா வருடம் ஏறுகிறது? பிறக்கும்போது ஏறக்குறைய 17 மில்லிமீட்டராக இருக்கும் விழி, வளர்ந்தவருக்கு 24 மில்லிமீட்டர் ஆகிறது. கிட்டப்பார்வைப் பிள்ளையின் விழி அளவுக்கு மீறி நீள்கிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே பவர் இரண்டரை வரை ஏறிவிடும். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். தீபாவளிக்கு எடுத்த சட்டை அடுத்த தீபாவளிக்குப் பத்தாமல் போனால், சட்டைதான் பிள்ளையை வளர்த்துவிட்டது என்று யாரும் பழி போடுவதில்லை.

‘வளர்ந்தா சரியாயிடும்’ என்பதற்கும் ஒரு துளி ஆதாரம் உண்டு. பச்சைக் குழந்தைக்கு இருக்கும் லேசான தூரப்பார்வை வளர வளரக் குறையும். மூக்குத்தண்டு அகன்ற கைக்குழந்தைக்கு மாறுகண் போலத் தோன்றுவதும் முகம் வளர்ந்தால் மறையும். அது முதலிலேயே மாறுகண் அல்ல. இவற்றைக் கண்டவர்கள் எல்லாக் கண்ணுக்கும் அதையே சட்டமாக்கிவிட்டார்கள்.

உண்மையான மாறுகண் வளர்ந்தால் மறையாது. அதை அதிர்ஷ்டம் என்று கொண்டாடும் வீட்டில் அந்தக் கண் மெல்லப் பார்வை இழக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தாலும் இதே கதி. தெளிவாகத் தெரியாத கண்ணை மூளை ஒதுக்கிவிடுகிறது. பிறகு அது சோம்பல் கண். டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்துப் பார்த்தார்கள். திறந்த பிறகும் அந்தக் கண் அனுப்பும் செய்தியை மூளை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கண்ணாடியோடு சோம்பல் கண்ணுக்கான சிகிச்சையும் பெற்ற 7 முதல் 12 வயதினரில் 53 விழுக்காட்டினர் முன்னேறினர். 13 முதல் 17 வயதினரில் 25 விழுக்காட்டினர் மட்டுமே. வளரட்டும் என்று காத்திருப்பவர்கள் தொலைப்பது இந்த ஆண்டுகளைத்தான்.

சோம்பல் கண் உள்ள பிள்ளை வாய் திறந்து குறை சொல்லாது. நல்ல கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கண்ணைக் கையால் மறைத்தால் மட்டும் தலையைத் திருப்பும், கையைத் தட்டிவிடும், சில பிள்ளைகள் அழவும் செய்வார்கள்.

பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் நல்ல உணவு. வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு உதவும். நீண்டுவிட்ட விழியைச் சுருக்காது. “பொண்ணுக்கு இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவா?” என்ற பேச்சோ வெறும் அறியாமை மட்டுமல்ல, கொடுமை. ஏழு வயதுச் சிறுமி வெண்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க, வீடு அவளுடைய கல்யாணத்தை யோசிக்கிறது.

காதுக்கும் இதே அலட்சியம். சளிக்குப் பின் செவிப்பறையின் உட்பக்கம் நீர் கோத்த பிள்ளைக்குப் பெரும்பாலும் வலியே இருக்காது. கேட்பது மட்டும் குறையும். கூப்பிட்டால் திரும்பாத பையனுக்குப் ‘பிடிவாதக்காரன்’ என்று பட்டம், பலகை தெரியாதவனுக்கு ‘மக்கு’ என்று பட்டம். சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவது இன்னும் மோசம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும்.

தூரம் என்ற சாக்கும் நிற்காது. கண்பார்வைச் சோதனையாளர்களை உருவாக்கும் யுஐடிஎம் பல்கலைக்கழகத் துறை புஞ்சாக் ஆலாம் வளாகத்திலேயே இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் மலேசியர்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி.

கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உண்மையிலேயே ஒரு வழி உண்டு: பகல் வெளிச்சம். தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருக்கச் செய்ய முனைந்தது. பல்லாண்டு ஏறிக்கொண்டே போன, பார்வை குறைந்த பிள்ளைகளின் விழுக்காடு அதன்பின் இறங்கத் தொடங்கியது. தோட்டத்து லயத்தில் பிள்ளைகள் கேட்காமலே பெற்ற அந்த வெளிச்சம், தாமான் வீட்டுக் கூடத்தில் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இல்லை. வெளியே அனுப்புவது பெற்றோர் கையில் இருக்கிறது. ஏற்கெனவே கிட்டப்பார்வை வந்துவிட்ட பிள்ளையைக் கண்ணாடியோடு அனுப்ப வேண்டும். வீசி வரும் பந்து அதற்கும் தெரிய வேண்டும்.