கதையைக் கேளு, முத்திரையைப் பாரு!

என்.சி.சி. பரேடுல உங்க தோளை அழுத்துமே .303 ரைபிள், அதுல 'டி.பி.'னு குத்தியிருந்தா டிரில்லுக்கு மட்டும்தான். சுட உதவாது. முத்திரை சொல்ற முதல் பாடம் இது.

அமெரிக்காவில் ராணுவம் கழித்த ரைபிள்களைச் சேகரிப்பது பெரிய ஹாபி. நம்ம மேற்கு வங்கத்து இஷாப்பூர் 2ஏ1 கூட அங்கே உண்டு. 'இது ரெண்டாம் உலகப் போரில் சுட்டது'ன்னு ஒருத்தர் அளந்தா சிரிச்சிடுங்க. அது பிறந்ததே 1962 சீனப் போருக்கு அப்புறம். 'பழைய .303-ஐத் திருத்தினது, வெடிச்சிடும்'னு இன்னொரு கதை. அதுவும் தப்பு. 7.62 மி.மீ. தோட்டாவின் அழுத்தம் அதிகம். அதுக்காகவே உறுதியான எஃகில் புதுசா செஞ்சாங்க. குத்தியிருக்கிற 'ஆர்.எஃப்.ஐ.', வருஷம், தோட்டா அளவு மூணையும் படிச்சாலே பாதி சண்டை தீரும். மீதிக்குக் குழாய்க்குள்ளே பார்க்கணும். துருவும் தேய்மானமும் முத்திரையில் தெரியாது.

நம்மூரில் ஆசைப்படாதீங்க. ரெண்டு ரகமும் தடை செய்யப்பட்டவை. 1959 ஆயுதச் சட்டப்படி சாதாரண லைசென்ஸில் கிடைக்காது.

ஆனா அந்தப் பார்வைக்கு லைசென்ஸ் வேண்டாமே! கீழராஜ வீதியில் ஓட்ட செகண்ட் ஹேண்ட் பைக் தேடுறீங்களா? 'ஒரே ஓனர், டாக்டர் ஓட்டினது'ன்னு சொல்வாங்க. தலையாட்டிட்டு, ஆர்.சி. புக்கையும் சேஸிஸ் நம்பரையும் ஒப்பிடுங்க. அப்புறமா அட்வான்ஸ்!