தீயணைப்பு வண்டியில் காலி இருக்கைகள்

அமெரிக்காவில் வீடு வாங்கக் கிளம்பும் நம்மவர்கள் பள்ளிக்கூடத்தின் தரவரிசையை அலசுவார்கள். சொத்து வரி எவ்வளவு, வாசல் எந்தத் திசை என்றெல்லாம் விசாரிப்பார்கள். வீடு பற்றிக்கொண்டால் யார் வருவார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் வசிக்கும் பென்சில்வேனியாவில் வருவது பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரர்தான். இங்கே தீயணைப்பு நிலையங்களில் பத்தில் ஒன்பது, தன்னார்வலர்களை நம்பியே நடக்கின்றன. 1736-ல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் நண்பர்களைச் சேர்த்து யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கிய காலத்துப் பழக்கம் இது.

செஸ்டர் கவுண்டியில் அப்படியொரு நிலையத்தில் நானும் இருக்கிறேன். பிழைப்புக்குக் கணினி வேலை, இடுப்பில் பேஜர். அது அலறினால் சொந்தக் காரில் நிலையத்துக்கு ஓட வேண்டும். காரில் நீல விளக்கு சுழலும். அதைப் பார்த்து மற்றவர்கள் வழிவிட்டால் உண்டு. சிவப்பு சிக்னலில் நாங்களும் நின்றுதான் ஆகவேண்டும். நிலையத்தில் பூட்ஸ் மேல் கால்சட்டையைச் சுருட்டி வைத்திருப்போம். காலை உள்ளே விட்டு இழுத்தால் கிளம்பிவிடலாம். கிளம்ப ஆள் இருக்க வேண்டும், அதுதான் இப்போது சிக்கல்.

அதன் முழு அளவு எனக்குப் புரிந்தது 2021 செப்டம்பர் 1 அன்று. ஐடா புயலின் மிச்சம் எங்கள் பக்கம் வந்து கொட்டித் தீர்த்தது. டவுனிங்டவுன் வெள்ளக்காடானது. சாட்ஸ் ஃபோர்டில் பிராண்டிவைன் ஆறு அதுவரை பதிவாகாத உயரத்துக்கு ஏறியது. எங்கள் பேஜர் வாய் மூடவில்லை. நிலவறையில் தண்ணீர், மின்கம்பி மேல் சாய்ந்த மரம், தடுப்பைத் தாண்டிப் போய் நீரில் நின்றுபோன கார், ஈரம் பட்டுத் தானாக ஒலித்த அலாரம் என்று ஒன்று முடியுமுன் அடுத்தது வந்தது.

ஓரிடத்தில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம். போனால் தமிழ்க் குடும்பம். மின்சாரம் போனதால் கார் ஷெட்டுக்குள் ஜெனரேட்டரை வைத்து, மழைக்குப் பயந்து கதவையும் பாதி இறக்கியிருந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. என் கையிலிருந்த மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. எல்லோரையும் வெளியே அனுப்பி, ஜெனரேட்டரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து மின்விசிறி வைத்தோம். கொரோனாவால் ஊர் திரும்புவது தள்ளிப்போய் மகன் வீட்டிலேயே இருந்த பெரியவர், குடைக்குள்ளிருந்து என் ஹெல்மெட்டை உற்றுப் பார்த்தார்.

“தம்பி தமிழா? சம்பளம் எவ்வளவு தர்றான்?”

“சம்பளம் கிடையாதுங்க ஐயா.”

“பின்னே எதுக்குப்பா இந்த மழையில?”

பதில் சொல்ல நேரமில்லை. பேஜர் மறுபடி அலறியது. மற்ற நாளில் எங்களுக்கு ஆள் குறைந்தால் பக்கத்து ஊர் நிலையம் கைகொடுக்கும். அன்று அவர்கள் ஊரிலும் அதே வெள்ளம்.

1970-களில் இம்மாநிலத்தில் சுமார் 3 லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருந்தார்கள். 2018-ல் வெளிவந்த சட்டமன்றக் குழுவின் அறிக்கைப்படி மிஞ்சியவர்கள் சுமார் 38,000. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள்; வேலையும் தூரத்தில். அடிப்படைப் பயிற்சிக்கே 150 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போதாததற்கு, வண்டிக்கு டீசல் போட சிக்கன் பார்பிக்யூ விற்று நிதி சேர்ப்பதும் எங்கள் தலையில்தான்.

சம்பளத்துக்கு ஆள் போடலாமே என்பார்கள். போடத்தான் வேண்டும். ஊர் வேலைக்குப் போய்விடும் பகல் நேரத்துக்காவது உள்ளூர் நிர்வாகங்கள் அந்தச் செலவை ஏற்கட்டும், வரி சற்று ஏறினாலும் பரவாயில்லை. ஆனால் ஐடா மாதிரியான நாளில் சம்பள ஆட்களும் முதல் சில அழைப்புகளிலேயே தீர்ந்துபோவார்கள். அதற்குமேல் ஓடிவர ஊர்க்காரர்கள்தான் வேண்டும்.

அந்த ஊர்க்காரர்களில் நாமும் அடக்கம். எங்கள் பக்கத்து எக்ஸ்டன் சுற்றுவட்டாரத்தில் பொங்கல் விழாவுக்கு அரங்கம் நிறைய ஆள் திரட்டுகிறோம், பாத்திரம் கழுவுவது வரை பட்டியல் போட்டு வேலை பிரிக்கிறோம். அந்தச் சாமர்த்தியம் நிலையத்தின் வாசலுக்கு மட்டும் வருவதில்லை. எல்லோரும் நெருப்புக்குள் புக வேண்டியதில்லை. ஐடா அன்று எங்களோடு, எழுபது தாண்டிய ஒருவர் வெள்ளம் புரண்ட சாலையின் முனையில் நின்று கார்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்திருந்தால் நீரில் மாட்டும் கார்கள் கூடியிருக்கும். கணக்கு எழுதவும் மானிய விண்ணப்பம் தயாரிக்கவும்கூட ஆள் தேவை. எக்செல்லில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அது கஷ்டமா?

ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை போனில் இந்தப் பேச்சை எடுத்தால், “உனக்கெதுக்குடா வம்பு” என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அவன் வீட்டுக்கு ஓடிவருபவரும் இன்னொருவர் பெற்ற பிள்ளைதான்.

நிலையங்களில் வாரம் ஒரு மாலை பயிற்சி நடக்கும். அன்று போய் நின்றால், என்ன வேலை தெரியும் என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்த நாடு என்பதெல்லாம் அப்புறம்தான்.